வெளியே வீசும் அந்தச் சூடு

நேற்று இரவு மொட்டை மாடிக்குப் போனபோது, ஏசியின் வெளி யூனிட் முன்னால் கையை நீட்டிப் பார்த்தேன். நல்ல அனல். அறைக்குள்ளிருந்து இழுத்த வெப்பம் மொத்தமும் காற்றில் போய்க்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி, குளியலறையில் கீசர் தனியாக மின்சாரம் தின்று தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டிருந்தது. மனசு கேட்கவே இல்லை.

அறையைக் குளிர்விப்பது, தண்ணீரைச் சுடவைப்பது இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஹீட் பம்ப், அதாவது வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் சேர்க்கும் கருவி, இருக்கிறது. கம்ப்ரஸரிலிருந்து (வாயுவை அழுத்தும் பகுதி) வரும் சூடான வாயுவைக் காற்றில் ஆறவிடாமல், தண்ணீர்த் தொட்டி வழியாக அனுப்புவார்கள். அறை குளிரும், தொட்டி சுடும். 200 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும். கீசர் அத்தனையையும் மின்சாரமாகவே கேட்கும். ஹீட் பம்ப் 1 யூனிட் மின்சாரத்தில் அறையிலிருந்து 3 யூனிட் வெப்பத்தை எடுத்தால், தொட்டிக்கு 4 யூனிட் போய்ச் சேரும். தண்ணீர் சூடேற ஏற இந்தக் கணக்கு கொஞ்சம் இறங்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, தொட்டி நிறையச் சுட்டுவிட்டால்? அப்போது வெப்பத்தை வெளியே தள்ள ஒரு ஃபேன் காயில் (விசிறி பொருத்திய குழாய்ச் சுருள்) கண்டிப்பாக வேண்டும். இல்லையென்றால் குளிர்ச்சியும் நின்றுவிடும். வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நாள் முழுக்க ஏசியும் வெந்நீரும் ஓடும் ஓட்டல், மருத்துவமனை, விடுதிகளுக்கு இது அப்படியே பொருந்தும். புதுக் கட்டடம் கட்டுகிறவர்கள் பிளம்பிங் வரைபடம் போடும்போதே இதைப் பற்றிப் பேசிவிடுங்கள். அப்புறம் சுவரை உடைத்துக் குழாய் இழுப்பது பெரிய வேலை.