ஐப்பசியும் ரோஸியும்

அக்டோபர் 7
மறுபடியும் ஈரம். எங்க நாய் ரோஸி படுத்திருந்த எடத்துல கைய வெச்சேன், இன்னும் சூடா இருக்கு. எழுப்பாம பாத்துட்டே நின்னேன். அவளுக்கு தெரியவே இல்ல, நல்ல தூக்கம், கனவுல காலு ஓடுது, இந்தப்பக்கம் மூத்திரம் அதுபாட்டுக்கு கசிஞ்சிட்டே இருக்கு. காலைல எழுந்து அத மோந்து பாத்துட்டு அப்புறம் என் மூஞ்சிய பாத்தா. 13 வருஷத்துல ஒரு தடவகூட வீட்டுக்குள்ள மூத்திரம் போனவ இல்ல.

அக்டோபர் 8
இவரு ராத்திரி தண்ணி கிண்ணத்த எடுத்து மேல வெச்சுட்டாரு. நான் எறக்கி வெச்சேன்.

அக்டோபர் 9
டாக்டரம்மா காலைல மொத யூரின் புடிச்சிட்டு வர சொல்லியிருந்தாங்க. பழைய குழம்பு கரண்டிய எடுத்துட்டு பின்னாடியே போறேன், அவ உக்காருவா, நான் கரண்டிய நீட்டுவேன், உடனே எழுந்து நாலடி தள்ளி போயிருவா, பனி வேற, நைட்டி எல்லாம் நனைஞ்சு மூணாவது தடவ தான் கெடச்சுது. சுகர் இல்ல, கிட்னியும் பரவால்லயாம். கிருமி இருக்கு. என்ன கிருமின்னு வளத்து பாக்கற கல்சர் டெஸ்டுக்கு கோயம்புத்தூர் அனுப்பறாங்க, அதுவரைக்கும் ஆன்ட்டிபயாடிக். தண்ணிய மட்டும் கொறைக்கவே கூடாதுன்னாங்க, இவரு பக்கத்துலயே நின்னாரு, கேட்டுக்கிட்டாரு.

கிருமி போயும் கசிஞ்சா அது வேறயாம். கருத்தடை ஆபரேஷன் பண்ண பொட்டை நாய்க்கு ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் இல்லாம போயி, மூத்திரப்பை வாய மூடி வெச்சிருக்கற தசை வயசானா தளந்துரும். முழிச்சிருக்கறப்ப ஒண்ணும் தெரியாது, படுத்தா கசியும். அப்படியே இவளேதான்.

ஆபரேஷன் பண்ணனும்னு நின்னது நான். இவளுக்கு 2 வயசு அப்போ. பண்ணலன்னா கர்ப்பப்பைல சீழ் புடிச்சு எப்பவோ போயிருக்கலாம், அத நெனைங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நெனைக்கறேன்.

அக்டோபர் 12
துணி காயல.

அக்டோபர் 13
தூங்கறதுக்கு முன்னாடி ஒருக்கா, நடு ராத்திரி ஒருக்கா வெளிய கூட்டிட்டு போகணும். சொல்லிட்டாங்க. கோத்தகிரில நடு ராத்திரி யாரு வெளிய போவா. ஆடி மாசம் கீழ் வீட்டு அக்காவோட நாய சிறுத்தை தூக்குச்சு, காலைல சங்கிலி மட்டும் தான் கெடந்துச்சு. காட்டெருமை தேயிலைக்குள்ள நின்னா இருட்டுல கண்ணுக்கே தெரியாது, புஸ்ஸுன்னு மூச்சு சத்தம் கேக்கறப்ப பத்தடில நிக்கும். கரடி வேற. அதனால 11 மணிக்கும் 3 மணிக்கும் இவரு வாசல்ல டார்ச்ச புடிச்சுக்கிட்டு நிப்பாரு, நான் சில்வர் தட்டையும் கரண்டியையும் தட்டிக்கிட்டே படி எறங்கறேன், ரோஸிக்கு பின்னங்கால் வலி, ஒவ்வொரு படியா யோசிச்சு யோசிச்சு வைக்கறா, எறங்கினதும் சாவகாசமா புல்ல மோந்துட்டு நிக்கறா. போடி தங்கம், சீக்கிரம் போடின்னு கெஞ்சறேன். நேத்து அவ சட்டுனு காத நிமித்தி தேயிலை பக்கம் பாத்தா. நானும் பாத்தேன். ஒண்ணுமில்ல. ஆனா அவ போகாமலே திரும்பிட்டா, வந்து பாயில போனா.

வராண்டால கட்டிப்போடுங்கறான் தம்பி. அதுக்கு சிறுத்தைக்கு எல போட்டு பரிமாறிரலாம்.

அக்டோபர் 15
பீரோ மேல இருந்து அம்மாவோட ரப்பர் ஷீட்ட எடுத்தேன். மடிப்புல பவுடர் இன்னும் இருக்கு.

அக்டோபர் 18
உள்தொடை செவந்து போச்சு. கத்திரில முடிய நறுக்கிட்டு வெதுவெதுன்னு தண்ணில கழுவி, தேய்க்காம ஒத்தி ஒத்தி எடுத்தேன். கொழந்தைக்கு பூசற ராஷ் க்ரீம் கையில எடுத்துட்டேன், நல்லவேள டாக்டரம்மாவ கேட்டேன், அதுல ஜிங்க் இருக்கும் நக்குனா விஷம்னாங்க. டயபரும் ராத்திரி முழுக்க வேணாம், ஈரம் உள்ளயே நின்னா புண்ணாகும், மறுபடி கிருமி வரும். சரி. துணியே மாத்தறேன். ரப்பர் ஷீட், அதுக்கு மேல கம்பளி, அதுக்கு மேல அம்மாவோட காட்டன் பொடவை கிழிச்சது. ஒரு ராத்திரிக்கு மூணு. மூணையும் கரி அடுப்பு மேல காய வெச்சு வீடே பொக நாத்தம். ஐப்பசி பொறந்துருச்சு, இனி வெயில எங்க பாக்கறது.

அக்டோபர் 20
தீபாவளி. கட்டிலுக்கு அடியில நடுங்கிட்டே இருந்தா. பலகாரம் ஒண்ணும் பண்ணல.

அக்டோபர் 24
ஆன்ட்டிபயாடிக் நேத்தோட முடிஞ்சுது. கிருமி இல்ல. ஈரம் இருக்கு. எஸ்ட்ரியோல்னு அந்த ஹார்மோன் வகை மாத்திரை எழுதியிருக்காங்க, 2 மில்லிகிராம், தெனம் ஒண்ணு. மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கு குடுக்கறதாம். மெடிக்கல்ல அந்த பையன் உங்களுக்கான்னு கேட்டான். ரோஸிக்குன்னேன். இட்லிக்குள்ள வெச்சு குடுத்தேன், முழுங்கிட்டா.

அக்டோபர் 26
ஈரம்.

அக்டோபர் 28
உள்ளங்கை அளவு.

அக்டோபர் 30
காய்ஞ்சிருக்கு!! 3 மணிக்கு கைய வெச்சேன், நம்பாம கன்னத்த வெச்சு பாத்தேன். காய்ஞ்சிருக்கு. இவர எழுப்பி சொன்னேன்.

நவம்பர் 2
தம்பி போன் பண்ணான். எத்தன நாள் இப்படியே பாப்ப, ஒரு ஊசி போட்டுரலாம்லக்காங்கறான். வாலாட்டறா, சாப்பிடறா, என் கால் சத்தம் கேட்டா எழுந்து வர்றா, அவளுக்கு எதுக்குடா ஊசி? அம்மாவ ஹோம்ல விடலாம்னவனும் இவன்தான். போன வெச்சுட்டேன்.

நவம்பர் 4
கேட்டு முன்னாடி மூணு கடுவன் நாய் வந்து நிக்குது. 13 வயசு கெழவிக்கு! டாக்டரம்மாகிட்ட சொன்னா மாத்திரையால அப்படி ஆகும்னாங்க, பின்னாடி வீங்கியும் இருக்கு. 1 மில்லிகிராமா கொறைக்கணும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். எனக்கு அந்த கடுவனுங்கள பாத்து பயமில்ல, அதுங்கள தேடிக்கிட்டு பின்னாடி வருமே, அதுதான். கல்ல விட்டு வெரட்டினேன், ஒண்ணு போகவே இல்ல, மழைல நனைஞ்சிட்டு நிக்குது.

நவம்பர் 7
உள்ளங்கை அளவு. கொறைச்சது தப்போ.

நவம்பர் 8
3 மணிக்கு முழிச்சா பக்கத்துல இவர காணோம். வெளிய தட்டு சத்தம். போடி தங்கம்னு இவரு குரல்.

நவம்பர் 10
காய்ஞ்சிருக்கு. கேட்டுல அந்த ஒரு நாய் இல்ல, ரெண்டு நாளாவே இல்ல.

நவம்பர் 12
மரம் விழுந்து மேட்டுப்பாளையம் பஸ் வரல. மாத்திரை 9 இருக்கு. வெயில் எட்டி பாத்துச்சுன்னா ரப்பர் ஷீட்ட கழுவி போடணும்.