தைலமரத்தடி மண்

புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் எங்கள் நிலத்தை ஒட்டி ஒரு தைலமரத் (யூகலிப்டஸ்) தோப்பு இருக்கிறது. சென்ற மாசியில் அங்கே சருகை விலக்கிப் பார்த்தேன். முந்தைய ஆண்டு உதிர்ந்த இலைகள் நரம்புகூடக் கலையாமல் கிடந்தன. அவற்றினடியில் வெள்ளைப் பூஞ்சை இழைகள் ஒட்டடைபோலப் படர்ந்திருந்தன. கையிலிருந்த தண்ணீரைச் சிறிது ஊற்றியபோது, அது சேம்பிலைமேல் நிற்பதுபோல மண்மேல் முத்து முத்தாக நின்றது. வரப்புக்கு இந்தப் பக்கமும் அதே மண்தான். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தைலமரத்தோடு புங்கையும் வாகையையும் கலந்து நட்ட எங்கள் கால் ஏக்கரில் சருகு தொட்டதும் நொறுங்குகிறது. ஊற்றிய தண்ணீர் உடனே இறங்கிவிடுகிறது. பல மரங்களைக் கலந்து நட்டாலே மண்ணில் நுண்ணுயிர் பெருகிவிடும் என்று சொல்வதுண்டு. அது எந்த அளவுக்குச் சரி?

தைலமர இலையில் கரிமம் (கார்பன்) மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. எண்ணெயும் துவர்ப்புப் பொருள்களும் வேறு. அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்கள் உடலைக் கட்டிக்கொள்ளத் தேவையான தழைச்சத்து இலையில் கிடைக்காததால், மண்ணில் கரைந்திருப்பதை எடுத்துத் தமக்குள் பூட்டிக்கொள்கின்றன. இத்தகைய வறிய உணவைத் தாக்குப்பிடிப்பதில் பாக்டீரியாவைவிடப் பூஞ்சைக்குத் திறன் அதிகம். இலையின் மெழுகும் பூஞ்சை இழைகளின் பூச்சும் மண் துகள்களைப் போர்த்திக்கொள்வதால்தான் தண்ணீர் இறங்க மறுக்கிறது. பக்கத்தில் வாகை இருந்தால், அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்த தழைச்சத்து, உதிரும் இலை வழியாகவும் மடியும் மெல்வேர் வழியாகவும் மண்ணுக்கு வருகிறது. பாக்டீரியா பெருகுகிறது, அதைத் தின்னும் ஓரணு உயிர்களும் நூற்புழுக்களும் தமக்கு மிஞ்சிய தழைச்சத்தை வெளிவிட, அது தைலமர வேருக்கும் போய்ச் சேருகிறது.

இதற்கு நான் மிகவும் மதிக்கும் சான்று ஹவாய்த் தீவின் ஹமாகுவா கரையில் இருக்கிறது. கரும்பு விளைந்த நிலத்தில் 1982-இல் யூகலிப்டஸையும், முன்பு நம் வாகையின் பேரினத்திலேயே வைத்து எண்ணப்பட்ட ஒரு மரத்தையும் தனித்தனியாகவும் வெவ்வேறு விகிதங்களில் கலந்தும் நட்டார்கள். வாகையினத்தின் பங்கு கூடக்கூட, மண்ணில் வேருக்குக் கிடைக்கும் தழைச்சத்து கூடியது. ஆனால் கிடைக்கக்கூடிய மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தது. இந்த இரண்டாவது முடிவைக் கலப்பு நடவைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. வேர்முடிச்சு வேலை செய்ய மணிச்சத்து வேண்டும். அது குறைந்த மண்ணில் வாகை போன்ற பயறினத்தை மட்டும் திணித்துப் பயனில்லை.

ஆகவே கலந்து நட்டாலே நுண்ணுயிர் பெருகிவிடும் என்பதை நான் ஏற்பதில்லை. இரண்டு வகைத் தைலமரங்களைக் கலந்து நட்டால், மண்ணுக்கு அது ஏறக்குறைய ஒரே உணவுதான். எத்தனை வகை மரம் என்பதைவிட, எவ்வகைச் சருகு விழுகிறது, அது அங்கேயே கிடக்கிறதா என்பதே பெரிது. எங்கள் பக்கத்தில் அடுப்பெரிக்கச் சருகை அரித்துக்கொண்டு போகும் பழக்கம் உண்டு. அதனால் மரம் எதுவாயினும் மண் பட்டினி கிடக்கிறது. எங்கள் கால் ஏக்கரில் மூன்று ஆண்டுகளாகச் சருகு அரிக்க விடவில்லை.

இந்த ஐப்பசியில், வெட்டித் தழைத்த தைலமரக் கட்டைகளுக்கு இடையே புதிதாக வைத்திருந்த வாகைக் கன்றுகளில் ஒன்றை வேரோடு பெயர்த்துப் பார்த்தேன். கடுகளவு முடிச்சுகள் நான்கைந்து இருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளினேன், உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். கன்றை அதே குழியில் வைத்து, சுற்றிலும் சருகை இழுத்து மூடிவிட்டு வந்தேன்.