காற்றில் ஒரு கணக்கு, ஆர்கானில் வேறு கணக்கு: சூட்டில் நீளும் டைட்டானியம்

டைட்டானியம் கலவை ஒன்றின் க்ரீப் அளவு இவ்வளவு என்று யாராவது சொன்னால், வெப்பநிலையையும் சுமையையும் கேட்பதற்கு முன்பே, எந்த வாயுவுக்குள் வைத்து இழுத்தீர்கள் என்று கேட்பது என் வழக்கம். சூட்டில் மாறாத சுமையைத் தாங்கி நிற்கும் உலோகம், மணிக்கணக்காகச் சிறுகச் சிறுக நீண்டுகொண்டே போவதைத்தான் க்ரீப் என்கிறோம். நிக்கல் கலவைகளில் சுற்றியுள்ள காற்று இதில் ஓரளவுக்கே தலையிடும். டைட்டானியத்திலோ அது உள்ளே புகுந்து, கலவையின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடும்.

குழித்துறையில் குடியிருந்துகொண்டு, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு சோதனைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவன் நான். இந்த உலோகம் எங்கள் பக்கத்துக்கு அயலானதன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. எல்லைக்கு அப்பால், கொல்லத்தை அடுத்த சவறாவில், ஆண்டுக்கு 500 டன் திறனுடன் 2011-இல் தொடங்கப்பட்ட ஆலையில் டைட்டானியம் ஸ்பாஞ்ச், அதாவது உருக்கி வார்ப்பதற்கு முன் கிடைக்கும் நுண்துளை நிறைந்த உலோகக் கட்டி, தயாராகிறது. டைட்டானியம் டெட்ராகுளோரைடை மக்னீசியத்தால் ஒடுக்கி, குளோரினை நீக்கி உலோகத்தைப் பிரிக்கும் அந்த வேலையே எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவுக்குள்தான் நடக்கிறது, பிறக்கும்போதே காற்றுப் படக்கூடாத உலோகம் இது.

அறை வெப்பநிலையில் டைட்டானியத்தின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு அதற்குக் கவசம். உப்புக்காற்றோ கடல்நீரோ அதை அசைக்க முடியாது. ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அந்தக் கவசம் நம்பத்தக்கதாக இருப்பதில்லை. அலுமினியத்தின் ஆக்சைடு தன் உலோகத்துக்குள் கரையாது; டைட்டானியத்தின் ஆக்சைடோ கரைந்து உள்ளே போய்விடும். அணு எண்ணிக்கையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வரை ஆக்ஸிஜனை, ஆல்பா எனப்படும் தன் வழக்கமான படிக அமைப்புக்குள் ஏற்றுக்கொள்ளும் உலோகம் இது. அப்படி ஏறிய ஆக்ஸிஜன் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதைத் தடுக்கிறது. ஆகவே மேற்புறம் கடினமாகவும் நொறுங்கும் தன்மையோடும் மாறுகிறது. ஆல்பா கேஸ் (alpha case, ஆல்பா உறை) என்று நாங்கள் சொல்லும் அடுக்கு அதுதான். சோதனை முடிந்த துண்டைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த க்ரோல் கரைசலில் சில நொடி காட்டினால், நுண்ணோக்கியில் விளிம்பு மட்டும் வெள்ளைக் கோடாகத் தனித்துத் தெரியும். கடினத்தன்மை பார்க்கும் வைர முனையை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நகர்த்தி வரிசையாகக் குத்தினால், குழிகள் சிறுத்துக்கொண்டே வந்து, அந்த வெள்ளைக்குள் கடுகளவுகூட இல்லாத புள்ளியாகிவிடும்.

இப்படி மேற்புறம் கடினப்பட்டால் நீட்சி குறைய வேண்டும் என்றுதானே தோன்றும்? தொடக்கத்தில் அப்படியும் நடக்கலாம், குறிப்பாகத் தகடு மெலிதாக இருந்தால். ஆனால் உள்ளே இருக்கும் உலோகம் நீள நீள, நீள முடியாத அந்த மேல்தோல் வெடிக்கிறது. குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் வெயிலில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த ரப்பர்க் குழாயை வளைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்; உள்ளே இளக்கமாக இருக்கும்போதே மேலே கீறல் விழுந்திருக்கும். ஒவ்வொரு கீறலும் சுமை தாங்கும் பரப்பைக் குறைக்கிறது, கீறல் நுனியில் தகைவை, அதாவது பரப்பின் மேல் விழும் விசையை, குவிக்கிறது, புதிய உலோகத்தை ஆக்ஸிஜனுக்குத் திறந்துவிடுகிறது. ஆறு விழுக்காடு அலுமினியமும் நான்கு விழுக்காடு வனேடியமும் கொண்ட, எல்லோரும் அறிந்த கலவையை 600 டிகிரியில் காற்றிலும் நைட்ரஜனிலும் சோதித்த பிரேசில் நாட்டு ஆய்வுகளில், காற்றில் நீட்சி விரைவாகவும் நைட்ரஜனில் மெதுவாகவும் இருந்தது. நைட்ரஜனும் டைட்டானியத்தோடு சேரக்கூடியதுதான். பொன்னிற நைட்ரைடாகப் படிவதும் உண்டு. ஆனால் ஆக்ஸிஜனைவிட மிக மெதுவாகவே உள்ளே பரவுகிறது.

ஆர்கான் எதோடும் சேராது என்பதால் அதை நம்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் பலர். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், உலையிலிருந்து எடுத்த துண்டைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஆர்கான்தானே விட்டோம், பின்ன எப்படி நீலம் அடிச்சுது?" என்று கேட்டான். சிலிண்டரில் இருக்கும் வாயுவிலும், ரப்பர் வளையம் வழியாகக் கசிவதிலும், குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரத்திலும் உள்ள சொற்ப ஆக்ஸிஜனையும்கூட டைட்டானியம் தேடிப் பிடித்து உறிஞ்சும். வைக்கோல் மஞ்சள், பிறகு ஊதா, பிறகு நீலம் என்று ஆக்சைடு தடிப்பதைத்தான் அந்த நிறங்கள் காட்டுகின்றன. அதற்குப் பரிகாரம் டைட்டானியமேதான். வாயு வரும் வழியில், சோதனைத் துண்டுக்கு முன்னால், சூடான ஸ்பாஞ்சைப் பரப்பி வைத்தால் மீதி ஆக்ஸிஜனை அது விழுங்கிக்கொள்ளும்.

நல்ல வெற்றிடத்திலோ நேர் எதிரான காட்சி. புதிதாக வந்து சேர ஆக்ஸிஜன் இல்லாததால், ஏற்கெனவே இருந்த ஆக்சைடும் உள்ளே கரைந்து, வெறும் உலோக முகம் வெளிப்படுகிறது. அத்தகைய இரு முகங்களை 900 டிகிரிக்கு மேல் அழுத்தி வைத்தால், பற்றவைப்பு ஏதுமில்லாமல் ஒன்றாகிவிடும். அதே வெப்பநிலையில் ஆர்கான் அழுத்தத்தால் மெல்லிய தகட்டை அச்சுக்குள் மெதுவாக ஊதி, பல மடங்கு நீட்டி, விமான உறுப்புகளைச் செய்வதும் நடைமுறையில் உள்ளது. நேர்த்தியான தொழில்நுட்பம் என்பேன்.

என்னை அதிகம் வியக்க வைப்பது ஹைட்ரஜன். குளிர்ந்த டைட்டானியத்தில் அது உலோகத்தோடு சேர்ந்து ஹைட்ரைடு என்ற சேர்மமாகப் பிரிந்து நொறுங்க வைக்கும். விவரக்குறிப்புகள் அதை எடையில் 0.015 விழுக்காட்டோடு நிறுத்துவது அதனால்தான். சூட்டில் அதே ஹைட்ரஜன் உலோகத்தை இளக்குகிறது. தூய டைட்டானியம் 882 டிகிரியில் ஆல்பா படிக அமைப்பிலிருந்து பீட்டா என்ற இன்னோர் அமைப்புக்கு மாறும். பீட்டாவில் அணுக்கள் பன்மடங்கு விரைவாக இடம்பெயர்வதால் அது எளிதில் நீளும். ஹைட்ரஜன் ஏற ஏற இந்த மாற்ற வெப்பநிலை கீழே இறங்கி, பீட்டாவின் பங்கு கூடுகிறது. எடையில் 0.4 விழுக்காடு என்றால் அற்பமாகத் தெரியும். அணுக்களை எண்ணினால் நூற்றுக்குப் பதினைந்து, பதினாறு வரும். இப்படி ஹைட்ரஜன் ஏற்றிய கலவையை வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலும் குறைந்த விசையிலும் அடித்து உருவாக்கலாம்.

இதைவிட விசித்திரமான சோதனை ஒன்று உண்டு. 882 டிகிரிக்குச் சற்றுக் கீழே வெப்பநிலையை அசையாமல் நிறுத்தி, சிறு சுமையைத் தொங்கவிட்டு, ஹைட்ரஜன் கலந்த வாயுவையும் ஹைட்ரஜன் இல்லாத வாயுவையும் மாற்றி மாற்றி விடுவார்கள். ஹைட்ரஜன் புகும்போது பீட்டாவாகவும் வெளியேறும்போது ஆல்பாவாகவும் உலோகம் மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் படிகங்களின் கன அளவு ஒத்துப்போகாமல் உள்ளுக்குள் தகைவு எழும். தொங்கும் சுமை அதைத் தன் திசைக்குத் திருப்பிவிடும். ஆகவே ஒவ்வொரு சுழற்சிக்கும் துண்டு சிறிது நீண்டு, அந்த நீட்சி திரும்பாமல் சேர்ந்துகொண்டே போகும். சூட்டையும் கூட்டாமல் சுமையையும் கூட்டாமல், வாயுக் குழாயின் வால்வை மட்டும் திருகி ஓர் உலோகத்தை நீளச் செய்வது வேறு எந்தப் பொறியியல் உலோகத்திலும் இவ்வளவு தெளிவாகக் கைகூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏற்றிய ஹைட்ரஜனை இறக்குவதும் எளிதுதான், அவசரப்படாவிட்டால். டைட்டானியத்தில் ஹைட்ரஜன் கரையும்போது வெப்பம் வெளிப்படுவதால், சூட்டைக் கூட்டி வெற்றிடத்தில் வைத்தால் அது தானாகவே வெளியேறும். தடிமனான துண்டுக்கு நேரம் கூடுதலாக வேண்டும். நடுப்பகுதியில் மிச்சம் இருக்கும்போதே உலையை அணைத்துவிட்டால், ஏறத்தாழ 300 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அங்கே ஹைட்ரைடு தட்டுத் தட்டாகப் பிரிந்து நிற்கும். வெளியே பளபளவென்று வந்த அந்தத் துண்டை ஏற்றுக்கொள்வதற்கு முன், நடுவிலிருந்து ஒரு சிறு பகுதியை வெட்டி ஹைட்ரஜன் அளவைப் பார்த்தே தீர வேண்டும். மேற்பரப்பிலிருந்து சுரண்டி எடுத்த தூளை வைத்து எழுதிய அறிக்கையில் நான் கையெழுத்திடுவதில்லை.