கெத்தாம் தீவுக்குத் தண்ணீர்க் கணக்குப் பார்த்துப் போங்கள்

மலேசியாவில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகில் போகும் கெத்தாம் தீவுக்குக் குளிக்கிற துணியோடு போனால் ஏமாற்றம்தான். அங்கே மணல் கரை இல்லை. சதுப்புநிலச் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் வீடுகளும் அவற்றை இணைக்கும் ஒடுக்கமான சிமெண்டுப் பாதைகளும்தான் ஊர். கார் ஓடாத சீன மீனவர் ஊர். ஒரு பகலுக்குத் தாராளமாகப் போதும்.

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் போர்ட் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் ஏற வேண்டும். புலாவ் செபாங் ரயிலும் அங்கே வரும், பலர் அதில் ஏறிவிடுகிறார்கள். அடுத்து அப்துல்லா ஹுக்கும் வந்தால் சரி. மிட்வேலி வந்தால் இறங்கித் திரும்புங்கள். நடுவில் இருப்பது பெண்களுக்கான பெட்டி, ஆண்கள் அங்கே உட்கார வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். லிட்டில் இந்தியா போகிற கூட்டம் கிள்ளானில் இறங்கும், கூடவே இறங்கிவிடாதீர்கள். அங்கிருந்து ஐந்தாவதுதான் கடைசி நிலையம், பெலாபுஹான் கிள்ளான். படகுத்துறைக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். இந்தோனேசியா போகும் படகுகளுக்கு வேறு முனையம். நமக்குக் கடப்பிதழ் தேவையில்லை.

குளிர்சாதனப் படகில் அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். சில நடைகள் முதலில் சுங்கை லீமாவில் நிற்கும். அது வேறு ஊர், உட்கார்ந்தே இருங்கள்.

போகும் நாளை முடிவுசெய்யும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். கடல் தண்ணீர் ஏற ஏறக்குறைய ஆறு மணி நேரம், வற்ற இன்னோர் ஆறு மணி நேரம் ஆகும். மறுநாள் அதே ஏற்றம் ஐம்பது நிமிடம் போலத் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றலும் அதிகம்; தாழ்வான பாதைகளில் தண்ணீர் ஏறிவிடும். ஏறிய தண்ணீர் வற்றத் தொடங்கும் நேரத்தில் இறங்கினால் இரண்டையும் பார்க்கலாம். முதலில் வீட்டுக்கடியில் படகு மிதக்கும். பிறகு அதே இடத்தில் சேறு தெரியும். அதன்மேல் துள்ளி ஓடும் குட்டி மீன்கள், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள், கூடவே குப்பையும் வாடையும். வாடை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஏற்ற நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.

சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். பணம் கொடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். பல இடங்களில் பாதையோரம் தடுப்பு இல்லை, விழுந்தால் சேறுதான். மின்சைக்கிள்கள் சத்தமில்லாமல் பின்னால் வரும், ஓரமாகவே ஓட்டுங்கள்.

கடலுணவுக் கடைகளில் நண்டும் மீனும் எடைக்கு விலை. தராசில் வைத்து எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கேட்ட பிறகு சமைக்கச் சொல்லுங்கள், பில்லைப் பார்த்துச் சண்டை போட வேண்டியிருக்காது. சைவம் சாப்பிடுகிறவர்கள் காலையிலேயே கேஎல் சென்ட்ரல் பக்கத்திலுள்ள பிரிக்பீல்ட்ஸில் தயிர்ச்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும்.

தீவில் கால் வைத்ததும் முதல் வேலை, கடைசிப் படகின் நேரத்தைத் துறையில் கேட்டுக்கொள்வது. வார இறுதிகளில் பின்மதியம் வரிசை நீளும். கடைசிக்கு முந்தைய படகையே நம்முடைய கடைசிப் படகாக வைத்துக்கொண்டால் ஓட்டமில்லை.