‘தி ஸ்டோரி ஆஃப் ஆன் அவர்’: 15 மார்க் கேள்விக்கு எப்படித் தயாராவது?

ஆங்கில இலக்கியம் படிப்பவர்களுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிறுகதையில் திருமணமும் பெண் விடுதலையும் பற்றிக் கேள்வி வந்தால் முதலில் கைகொடுப்பது கேட் ஷோபனின் இந்தக் கதைதான். சுமார் 1,000 சொற்கள். பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். அதனாலேயே பலர் மூலத்தை ஒருமுறை புரட்டிவிட்டு கைடில் இருக்கும் சுருக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுகிறார்கள். விடைத்தாளும் சுருக்கமாகவே முடிந்துவிடுகிறது.

கதை இவ்வளவுதான். இதயக் கோளாறு உள்ள மிஸஸ் மல்லர்டிடம், கணவர் பிரெண்ட்லி ரயில் விபத்தில் இறந்துவிட்டதாகச் சகோதரி ஜோசஃபின் பக்குவமாகச் சொல்கிறாள். அவள் அழுது தீர்த்துவிட்டு மாடியறைக்குத் தனியே போகிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, இனி தான் யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை என்ற எண்ணம் வருகிறது. அவள் கீழே இறங்கி வரும்போது கதவைத் திறந்துகொண்டு கணவர் உள்ளே வருகிறார். அவள் இறந்துபோகிறாள். விடைத்தாளில் இதற்கு நான்கு வரி போதும். திருத்துபவருக்குக் கதை தெரியும்.

அடிக்கடி நடக்கும் தவறு, பிரெண்ட்லியைக் கொடுமைக்காரனாக்குவது. ‘குடிகாரன்’, ‘அடித்தான்’, ‘வீட்டுக்குள் பூட்டி வைத்தான்’ என்றெல்லாம் எழுதுபவர்கள் உண்டு. கதையில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. அவர் முகம் அவளை அன்போடு அல்லாமல் பார்த்ததே இல்லை என்றும், அந்தக் கைகள் கனிவானவை என்றும்தான் இருக்கிறது. அவளும் அவரைச் சில நேரம் நேசித்திருக்கிறாள். பல நேரம் நேசித்ததில்லை. கணவன் கெட்டவன் என்றால் பிரச்சினை அந்த ஒரு மனிதனோடு முடிந்துவிடும். நல்லவன் என்பதால்தான் கேள்வி திருமணம் என்ற ஏற்பாட்டின் மேல் விழுகிறது. விடையின் மையக் கருத்தாக இதை முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள்.

இதற்கு வலுவான ஆதாரம் கதையின் நடுவில் இருக்கும் ஒரே வாக்கியம். இனிமேல் இன்னொரு வலிய விருப்பம் தன் விருப்பத்தை வளைக்காது என்று அவள் நினைக்கும் இடம். சக மனிதர் மீது தன் சொந்த விருப்பத்தைத் திணிக்கும் உரிமை தங்களுக்கு இருப்பதாக ‘ஆண்களும் பெண்களும்’ கண்மூடித்தனமாக நம்புகிறார்கள் என்று வருகிறது. ஆண்கள் மட்டும் என்று ஷோபன் எழுதவில்லை. அடுத்த வாக்கியம் இன்னும் கூர்மை: நோக்கம் அன்பானதோ கொடியதோ, செயல் குற்றம்தான். இந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் மூலத்தில் உள்ளபடியே மனப்பாடம் செய்யுங்கள். மற்ற மேற்கோள்கள் மூன்று நான்கு சொல்லுக்கு மேல் போகத் தேவையில்லை.

மூலத்தை மூன்று முறை படிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறொன்றைத் தேடி. முதல் வாசிப்பில் பெயர்களைப் பாருங்கள். தொடக்கத்தில் அவள் மிஸஸ் மல்லர்ட். பிறகு வெறும் ‘அவள்’. கதவுக்கு வெளியே மண்டியிட்டுச் சாவித்துவாரத்தில் வாய் வைத்து ஜோசஃபின் கூப்பிடும்போதுதான் முதல்முறையாக ‘லூயிஸ்’ என்ற பெயர் வருகிறது. அதாவது, விடுதலையை உணர்ந்த பிறகுதான். இரண்டாவது வாசிப்பில் ஜன்னலுக்கு வெளியே என்னென்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்: வசந்தத்தில் துளிர்க்கும் மர உச்சிகள், மழை வாசம், தெருவில் கூவி விற்பவன், தூரத்துப் பாட்டு, குருவிச் சத்தம், மேகத்துக்கு நடுவே நீல வானத் திட்டுகள். இதையெல்லாம் ‘இயற்கை வர்ணனை’ என்று ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள். கணவன் செத்த செய்தி வந்த நேரத்தில் அவள் கண்ணிலும் காதிலும் படுவதெல்லாம் உயிர்ப்பு.

மூன்றாவது வாசிப்பு வினைச்சொற்களுக்கு. அந்த உணர்வு வானத்திலிருந்து ஊர்ந்து அவளைத் தேடி வருகிறது. அவள் அதை எதிர்த்துத் தள்ளப் பார்க்கிறாள், முடியவில்லை. பிறகுதான் ‘ஃப்ரீ, ஃப்ரீ, ஃப்ரீ’ என்று வாய் முணுமுணுக்கிறது. செய்தி கேட்டதும் மகிழ்ந்துவிட்டாள் என்று எழுதினால் கதையின் நடுப்பகுதி முழுவதையும் தவறவிட்டதாக ஆகும். இறுதிச் சடங்கில் அந்த முகத்தைப் பார்க்கும்போது மறுபடி அழுவேன் என்பதும் அவளுக்குத் தெரியும். துக்கமும் விடுதலையும் ஒன்றாக இருக்கின்றன. ஒன்றைப் பொய்யென்று காட்ட வேண்டியதில்லை.

முடிவைப் பற்றி எழுதும்போதும் கவனம் வேண்டும். கொல்லும் மகிழ்ச்சியால் இறந்தாள் என்று சொல்பவர்கள் டாக்டர்கள். அவர்கள் மாடியறையில் இல்லை. ஜோசஃபினுக்கும் தெரியாது, அவள் அழுதழுது உடம்பைக் கெடுத்துக்கொள்வாள் என்றுதான் வெளியே நின்று கெஞ்சினாள். வாசகருக்கு மட்டுமே தெரியும். இதுதான் இங்கே உள்ள முரண். ‘விடுதலை பறிபோன அதிர்ச்சியில் இறந்தாள்’ என்பதைக் கதை சொன்ன செய்தி போல எழுதாமல், இதுவரை தந்த ஆதாரங்களிலிருந்து நாம் வந்து சேரும் வாசிப்பு என்று எழுதுங்கள். அவளைக் காப்பாற்றப் பார்ப்பவர்கள் எல்லாருமே தாமதமாகவோ தவறாகவோ செய்கிறார்கள். பிரெண்ட்லியை அவள் கண்ணில் படாமல் மறைக்கப் பாயும் நண்பர் ரிச்சர்ட்ஸ் உட்பட.

பின்னணிக்கு இரண்டு மூன்று வரிகள் போதும். ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி, திருமணமான பெண்ணின் சட்ட அடையாளம் கணவனுடையதற்குள் அடங்கியிருந்தது. நியூயார்க் மாநிலம் மணமான பெண்ணின் சொத்துரிமைக்கு 1848இல் சட்டம் போட்டது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை 1920இல்தான். கதை எழுதப்பட்டது 1894 ஏப்ரலில். அதே ஆண்டு டிசம்பரில் ‘வோக்’ இதழில் ‘தி ட்ரீம் ஆஃப் ஆன் அவர்’ என்ற தலைப்பில் வெளிவந்தது. கதை நடக்கும் ஊரோ ஆண்டோ கதையில் இல்லை. ஷோபன் லூசியானாவில் வாழ்ந்தவர் என்பதற்காக லூயிஸையும் அங்கே குடியேற்றிவிடாதீர்கள். ஷோபனின் தந்தை 1855இல் ரயில் விபத்தில் இறந்தார், கணவர் 1882இல் இறந்தார். இதை ஒரு வரியில் சொல்லலாம். கதைக்கு இதுவே காரணம் என்று போனால் விடை வாழ்க்கை வரலாறாகிவிடும்.

இரண்டு கதைகளை ஒப்பிடச் சொன்னால், ஷார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ (1892) நன்றாகப் பொருந்தும். முதல் பாதியில் ஒரு கதை, இரண்டாம் பாதியில் இன்னொன்று என்று எழுதினால் அது ஒப்பீடு ஆகாது. ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு கதையும் வர வேண்டும். இரண்டிலும் மாடியறை, ஒன்றில் ஜன்னல் திறந்திருக்கிறது, மற்றதில் கம்பி போட்டிருக்கிறது. இரண்டிலும் அன்பான கணவன். கில்மன் கதையில் அவனே டாக்டர், மனைவி எழுதக் கூடாது என்று தடுப்பவனும் அவனே. லூயிஸை வெளியிலிருந்து ஒரு கதைசொல்லி காட்டுகிறார். கில்மனின் நாயகி தன் கதையைத் தானே ஒளித்து எழுதுகிறாள், அதனால் அவள் சொல்வதை எவ்வளவு நம்புவது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

இருவரும் தோற்றார்கள் என்று மட்டும் முடிக்க மனமில்லாதவர்களுக்கு மேரி வில்கின்ஸ் ஃப்ரீமனின் ‘தி ரிவோல்ட் ஆஃப் மதர்’ (1890) இருக்கிறது. நாற்பது வருடம் முன்பு புது வீடு கட்டுவதாகச் சொன்ன அதே இடத்தில் கணவன் மாட்டுக் கொட்டகை எழுப்புகிறான். அவன் குதிரை வாங்க ஊருக்குப் போன சமயம் பார்த்து, சாரா பென் பிள்ளைகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் கொட்டகையில் குடியேறிவிடுகிறாள். திருமணத்தை உடைக்காமலே விதிகளை மாற்றுகிறாள். அப்படி நடந்திருக்காது என்று ஃப்ரீமனே பின்னாளில் சொன்னார். ஆசிரியர் சொன்னதற்காக நம் வாசிப்பைக் கைவிட வேண்டியதில்லை.

15 மார்க்குக்கு 30 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடம் குறிப்புக்கு, 22 நிமிடம் எழுத, மீதி சரிபார்க்க. 500 சொற்கள் போதும். சரிபார்க்கும்போது பெயர்களை முதலில் பாருங்கள். பிரெண்ட்லி ‘பென்ட்லி’ ஆகியிருக்கும். இறந்தது ரிச்சர்ட்ஸ் என்றும் அவசரத்தில் எழுதியிருப்பீர்கள். கில்மன் 1892இல் ஸ்டெட்சன் என்ற பெயரிலும், ஃப்ரீமன் 1890இல் மேரி வில்கின்ஸ் என்ற பெயரிலும் வெளியிட்டார்கள். பழைய பதிப்புகளில் அந்தப் பெயர்களைப் பார்த்துக் குழம்பி, ஐந்து ஆசிரியர்கள் என்று எழுதிவிட வேண்டாம்.