லேடெக் தொடங்குபவருக்கு எந்த எடிட்டர்?

ஆய்வேட்டை லேடெக்கில் (கட்டளைகளோடு எழுதியதை அச்சுக்கோத்துப் பிடிஎஃபாகத் தரும் மென்பொருள்) எழுதலாம் என்று முடிவு செய்தவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது எடிட்டர் தேர்வில்தான். ஒருவர் விம் என்பார், இன்னொருவர் ஈமேக்ஸ் என்பார், விஎஸ் கோட் இருக்கும்போது வேறெதற்கு என்பார் மூன்றாமவர். நானும் ஆய்வேட்டை முழுக்க லேடெக்கில் எழுதினேன். பின்னால் வந்தவர்கள் பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியும் கொடுத்திருக்கிறேன். புதியவருக்கு எடிட்டர் செய்ய வேண்டிய பெரிய உதவி, தவறு எங்கே என்று காட்டுவதுதான். மற்ற வசதிகளெல்லாம் அப்புறம்.

ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். "மாதிரிகளில் 45% மட்டுமே தேறின" என்று தட்டுகிறீர்கள். லேடெக்கில் சதவீதக் குறி வந்தால், அந்த வரியில் அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் குறிப்பு என்று விடப்படும். பிடிஎஃபில் "மாதிரிகளில் 45" வரை வந்து, அடுத்த வரி ஒட்டிக்கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராது. நிறம் பிரித்துக் காட்டும் எடிட்டராக இருந்தால் குறிக்குப் பிந்தைய சொற்கள் அப்போதே வேறு நிறத்துக்கு மாறிவிடும். கண்ணில் பட்டதும் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டுச் சரிசெய்துவிடலாம். நோட்பேடில் எழுதினால் இது தேர்வாளர் கண்ணில்தான் முதலில் படும்.

அடைப்புக்குறியும் அப்படித்தான். அடிக்குறிப்பின் நெளிவு அடைப்பை மூடாமல் விட்டால், கோளாறு மூன்றாம் பக்கத்தில் இருக்க, பிழைச்செய்தி கோப்பின் கடைசியைக் காட்டும். அப்போது அடைப்பின் ஜோடி எது என்று எடுத்துக்காட்டும் எடிட்டர் அரை நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

இந்த அளவுகோலில் பார்த்தால் என் பரிந்துரை இரண்டு. மொழியைப் பழகும் நாட்களில் ஓவர்லீஃப். உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். இடப்பக்கம் நீங்கள் எழுதும் மூலம், வலப்பக்கம் பிடிஎஃப். பிடிஎஃபில் ஒரு வரியை இருமுறை சொடுக்கினால் மூலத்தில் அந்த இடத்துக்கே கொண்டுபோய் விடும். வழிகாட்டிக்கு இணைப்பை அனுப்பினால் அவரும் அதே பிரதியைப் பார்க்கலாம். ஆனால் இலவசக் கணக்கில் கம்பைல் நேரத்துக்கு, அதாவது மூலத்தைப் பிடிஎஃபாக மாற்றும் நேரத்துக்கு, வரம்பு உண்டு. படங்கள் நிறைந்த ஆய்வேடு வளர வளர அது இடிக்கும். இணையமும் எப்போதும் வேண்டும். அங்கே எழுதும்வரை, மூலக் கோப்புகளை அவ்வப்போது ஜிப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏடு தடிமனாகத் தொடங்கியதும் டெக்ஸ்டூடியோவுக்கு மாறுங்கள். இலவசம்; விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இது எழுதும் இடம் மட்டும்தான், லேடெக்கைத் தனியாக நிறுவ வேண்டும். டெக் லைவ் அல்லது மிக்டெக், இரண்டில் ஒன்று. டெக் லைவின் முழுத் தொகுப்பு பல ஜிபி வரும், வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். மிக்டெக் தேவைப்படும் பொதிகளை (கூடுதல் வசதி தரும் துணைக் கோப்புகளை) அப்போதைக்கு அப்போது இறக்கிக்கொள்ளும்.

டெக்ஸ்டூடியோவில் எஃப்5 தட்டினால் கம்பைல் ஆகி பிடிஎஃப் பக்கத்திலேயே திறக்கும். கீழே பிழைப் பட்டியலில் ஒன்றைச் சொடுக்கினால் அந்த வரிக்குப் போகலாம். மேற்கோள் கட்டளையைத் தொடங்கியதும் உங்கள் நூற்பட்டியலில் உள்ள குறிச்சொற்களை வரிசையாகக் காட்டும். நூற்றுக்கணக்கான மேற்கோள்களோடு மல்லாடுபவருக்கு இது எவ்வளவு நிம்மதி என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

லிக்ஸ் என்ற இன்னோர் எடிட்டரைத் தொடக்கத்தில் நான் சொல்வதில்லை. நல்ல மென்பொருள்தான், ஆனால் கட்டளைகளை மறைத்து வைக்கிறது. இதழ்கள் தரும் வார்ப்புருவைத் திருத்த வேண்டி வரும்போது அந்தக் கட்டளைகளைப் படிக்கத் தெரிந்தாக வேண்டும். தினமும் விஎஸ் கோடில் நிரல் எழுதுபவராக இருந்தால், லேடெக் வொர்க்‌ஷாப் நீட்சியைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே இருங்கள். விம்மும் ஈமேக்ஸும் தனிப் பாடங்கள், சமர்ப்பிக்கும் தேதி நெருங்கும்போது தொட வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் பயம் வேண்டாம். நீங்கள் எழுதும் டெக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். ஓவர்லீஃபில் எழுதியது டெக்ஸ்டூடியோவில் அப்படியே திறக்கும்.

தமிழில் எழுதுபவர்கள் முதல் நாளே ஒன்றைச் செய்துவிடுங்கள். ஓவர்லீஃப், டெக்ஸ்டூடியோ இரண்டும் இயல்பாக பிடிஎஃப்லேடெக் என்ற கம்பைலரையே ஓட்டும். அதில் தமிழை உள்ளிட்டால் பிழைகள் வந்து குவியும். டெக்ஸ்டூடியோவில் ஆப்ஷன்ஸ், அதில் கான்ஃபிகர், அதில் பில்டு பகுதிக்குப் போய் டிஃபால்ட் கம்பைலரை ஸீலேடெக் ஆக்குங்கள். ஓவர்லீஃபில் திட்டத்தின் அமைப்புகளில் கம்பைலரை மாற்றலாம். பிறகு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபாண்ட்ஸ்பெக் பொதியைச் சேர்த்து, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒரு யூனிகோட் எழுத்துருவைக் கொடுத்து, கூடவே ஸ்கிரிப்ட் தமிழ் என்றும் குறிப்பிடுங்கள். அதை விட்டுவிட்டால் "கொ" எழுதும்போது கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்.