நியூ ஹாம்ப்ஷயரின் வடகாட்டில் மூஸ் வேட்டைக்குத் திட்டமிட்ட அனுபவம்

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மான் இனத்திலேயே மிகப் பெரியதான மூஸை வேட்டையாடுவதற்கான அனுமதி குலுக்கலில்தான் கிடைக்கிறது. 1988இல் 75 அனுமதிகளோடு தொடங்கிய இந்த வேட்டை பிற்காலத்தில் நூற்றுக்கணக்காக வளர்ந்து, மூஸ்களின் தொகை குறைந்ததால் இப்போது ஆண்டுக்குச் சில டஜன் அனுமதிகள் என்ற அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. பல ஆண்டுகள் விண்ணப்பித்த பிறகே என் பெயர் வந்தது. அனுமதி ஒரு குறிப்பிட்ட வனவிலங்கு மேலாண்மைப் பகுதிக்கு மட்டுமே செல்லும் என்பதால், வடக்கே மலையும் அடர்காடுமாகக் கிடக்கும் பகுதியை முதல் விருப்பமாகக் கொடுத்திருந்தேன்.

இத்தகைய காட்டில் எந்தத் திட்டமும் இறைச்சியை வெளியே கொண்டுவரும் வழியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வளர்ந்த ஆண் மூஸ் 400 கிலோவைத் தாண்டும். பின்தொடை ஒன்றே எலும்போடு 50 கிலோவை நெருங்கும். ஸ்ப்ரூஸ், ஃபர் என்னும் ஊசியிலை மரங்கள் நெருங்கி நிற்க, காற்றில் சாய்ந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் சரிவில், அந்தச் சுமையோடு ஒரு கிலோமீட்டர் நடப்பது அரை நாள் வேலை. ஆகவே சம உயரக்கோட்டு வரைபடத்தை விரித்து, மரலாரிப் பாதைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், பாதைக்கு மேற்புறமாக அமைந்த இடங்களை மட்டும் குறித்துக்கொண்டேன். சுமை இறங்க வேண்டுமே தவிர ஏறக் கூடாது. சதுப்பு நிலங்களையும் நீக்கினேன். தண்ணீருக்குள் விழுந்த மூஸை நால்வர் சேர்ந்தும் இழுக்க முடியாது.

எஞ்சிய இடங்களைக் கோடையின் கடைசியிலிருந்து நேரில் சென்று பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் மரம் வெட்டப்பட்டு, இளம் பிர்ச்சும் மேப்பிளும் தலைக்குமேல் எழுந்திருக்கும் திட்டுகள்தாம் மூஸின் மேய்ச்சல் நிலம். கடித்து முறித்த நுனிகள், பட்டை உரிந்த மரங்கள், செப்டம்பர் பிற்பகுதியில் ஆண் மூஸ் குளம்பால் தோண்டிச் சிறுநீர் கழித்த குழிகள் ஆகியவற்றைப் பார்த்து இரண்டு இடங்களை முடிவு செய்தேன். வேட்டைக்காலம் அக்டோபரின் மூன்றாவது சனிக்கிழமை தொடங்கி 9 நாட்கள் நடக்கிறது. அதற்குள் இணைசேரும் பருவத்தின் உச்சம் கடந்துவிடும். பெண் மூஸைப் போலக் குரல் கொடுத்து ஆணை வரவழைக்கும் முறையை அதனால் முழுமையாக நம்பாமல், களைத்த ஆண்கள் மீண்டும் மேயத் திரும்பும் இளங்காட்டின் ஓரத்தில் காத்திருப்பதையே முதன்மையாக வைத்தேன். மலைச்சரிவில் காற்று காலையில், வெயில் ஏறியபின், மேல்நோக்கியும் மாலையில் கீழ்நோக்கியும் நகரும் என்பதால், அமரும் இடத்தை வேளைக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது.

பருவத்தின் நடுவில் ஒரு காலையில், ஐம்பது அடி தள்ளியும் எதுவும் தெரியாத அந்தக் காட்டின் விளிம்பில் ஓர் ஆண் மூஸ் வெளிப்பட்டது. பாதை அருகில் இருந்ததால் பொறுத்துச் சுட முடிந்தது. அதன்பின் நேரத்தோடு போட்டி. அடர்ந்த ரோமமும் தடித்த கழுத்தும் உடற்சூட்டைப் பிடித்துவைத்திருக்க, அக்டோபரிலும் பிற்பகல் வெப்பம் 15 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடும். உடனே தோலை உரித்துத் துண்டுகளாக்கி, காற்றுப் புகும் துணிப்பைகளில் நிழலில் தொங்கவிட்டோம். நண்பர்கள் இருவர், கயிறு, கப்பி ஆகியவற்றின் துணை இல்லாமல் இது நடந்திருக்காது.

வேட்டையாடிய மூஸைப் பதிவுசெய்யும் நிலையத்தில் உயிரியலாளர்கள் வயதறியப் பல் ஒன்றை எடுத்து, தோலில் குளிர்கால உண்ணிகளை எண்ணினார்கள். இலையுதிர்காலம் நீண்டு பனி தாமதமாக வருவதால் பெருகும் இந்த உண்ணிகளே இங்கு மூஸ்களின் பெரும் பகை. 2014 முதல் 2016 வரை நியூ ஹாம்ப்ஷயரிலும் அண்டை மாநிலமான மெய்னின் மேற்குப் பகுதியிலும் ரேடியோ பட்டை அணிவித்த குட்டிகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு மடிந்தன. அனுமதிகள் இவ்வளவு குறைவாக இருப்பதை நான் மனமார ஏற்கிறேன். காட்மியம் என்னும் நச்சு உலோகம் சேர்ந்திருக்கும் என்பதால் ஈரலையும் சிறுநீரகத்தையும் உண்ண வேண்டாம் என்பது மாநிலத்தின் அறிவுரை. அவற்றை விலக்கிவிட்டு மற்ற இறைச்சியை நண்பர்களோடு பகிர்ந்துகொண்டோம்.